ஆறு பேர் படுக்கலாம்

ட்ரெய்லரின் படிக்குக் கீழே, சரளைக் கல்லின் மேல், அம்மா தன் சப்பாத்தைக் கழற்றி வைத்தாள். அதைப் பார்த்து அப்பாவும் கழற்றினார். நானும் கழற்றினேன். மூன்று சோடிகளும் வீட்டு வாசலில் நிற்பது போல வரிசையாக நின்றன. விற்பனைக்காரர் எங்கள் காலுறைகளைப் பார்த்தார். பிறகு தன் பெரிய பூட்சைப் பார்த்தார். தேவையில்லை, எல்லாரும் சப்பாத்தோடுதான் ஏறிப் பார்ப்பார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அப்பா சிரித்துக்கொண்டு, "நோ, நோ. ஹவுஸ்," என்றார். அதற்குப் பிறகு அந்த மனிதருக்கும் மனம் கேட்கவில்லை. கால்மிதியில் பூட்சை நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் ஏறினார்.

ஒஷாவாவில், நெடுஞ்சாலைக் கரையோரம் இருந்த இடம் அது. கம்பி வேலிக்குள், வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போய்த் தங்குகிற ட்ரெய்லர்கள் வெள்ளை வெள்ளையாக விற்பனைக்கு நின்றன. அப்பா கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலைக்குப் போகும்போதும் வரும்போதும் இதைக் கடந்துதான் போவார். எங்கள் வீடு இருக்கிற பார்க்டேலிலிருந்து அவ்வளவு தூரம் வான் ஓட்டி வந்து போகிறவருக்கு, வழியில் கண்ணில் படுகிற ஒன்று மனதிலும் தங்கிவிட்டதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அவர் தங்கவைத்தது ட்ரெய்லரை அல்ல, என் அண்ணா றெஜி சொன்ன ஒரு வசனத்தை.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஆவணியில், மிட்லண்ட் மாதா கோயிலுக்கு நாங்கள் யாத்திரை போயிருந்தோம். அன்று தமிழ்ச் சனம் எல்லாம் அங்கே கூடும். கோயிலுக்குக் கிட்ட ஒரு காம்ப் கிரவுண்டில் இரவு தங்கினோம். நாங்கள் மூவரும் வானுக்குள் சுருண்டோம். இடம் காணாமல் அண்ணா வெளியே தறப்பாளை விரித்துப் படுத்தான். விடியப் பனியில் நனைந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்தவன், "அடுத்த முறை ட்ரெய்லர் ஒண்டு வாங்குங்கோ அப்பா. வாங்கினால் வாறன். நிலத்திலை இனி நான் படுக்கமாட்டன்," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்த மார்கழியில் அப்பாவுக்கும் அவனுக்கும் பெரிய சண்டை வந்தது. அவன் விமானம் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிற கல்கரிக்குப் போய்விட்டான். சண்டையில் இருவரும் சொன்னவற்றை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அப்பாவுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அந்த ஒரு வசனம்தான். வாங்கினால் வாறன்.

முதலில் பார்த்த ட்ரெய்லர் சின்னது. நாலு பக்கமும் தகரச் சுவர், முன்னுக்கு ஒரு இரட்டைக் கட்டில், நடுவில் மேசை. அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. அலுமாரிகளைத் திறந்து பார்த்தாள். அடுப்புக்கு மேலே புகை போகிற விசிறியைப் போட்டுப் பார்த்தாள். அப்பா உள்ளே ஒரு சுற்றுத் திரும்பிவிட்டு, "நாலு பேருக்கு உது காணாது," என்றார்.

இரண்டாவதாகப் பார்த்ததுதான் இது; இதன் படிக்குக் கீழும் சப்பாத்தைக் கழற்றிவிட்டே ஏறினோம். பாதி பெட்டி, பாதி கூடாரம். ஹைபிரிட் என்று விற்பனைக்காரர் சொன்னார். இழுத்துக்கொண்டு போகும்போது சின்னதாக இருக்கும், போய் நின்றவுடன் வளரும் என்று கையை அகட்டிக் காட்டினார். முன்பக்கச் சுவரில் இருந்த கொக்கிகளை வெளியே போய்க் கழற்றி, சுவரையே கதவு மாதிரிக் கீழே இறக்கினார். இறக்கிய கதவு கட்டிலாகிவிட்டது. அதற்கு மேலே வளைந்த கம்பிகளைக் கொடுத்து மண்ணிறக் கூடாரச் சீலையை இழுத்துக் கட்டினார். பின்பக்கமும் அப்படியே செய்தார். ஒரு மீன்பெட்டி மாதிரி இருந்த ட்ரெய்லர், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு பக்கமும் சிறகு வைத்துக்கொண்டது.

"ஸ்லீப்ஸ் சிக்ஸ்," என்றார் விற்பனைக்காரர். முன்னுக்கு இரண்டு பேர், பின்னுக்கு இரண்டு பேர். பிறகு நடுவில் இருந்த மேசையின் காலைக் கழற்றி, பலகையைத் தாழ்த்தி, இரண்டு பக்கத்து இருக்கை மெத்தைகளையும் அதன் மேல் பொருத்திக் காட்டினார். இங்கே இரண்டு பேர். காட்டி முடிந்ததும் திரும்ப அதை மேசையாக்கினார்.

அம்மா சீலையை விரலால் தட்டிப் பார்த்தாள். "என்னப்பா இது? அகதி முகாமிலை சீலைக் கூடாரத்திலை இருந்து தப்பி விமானம் ஏறி வந்து, இஞ்சையும் சீலைக் கூடாரமோ?"

"உது வேற சீலையப்பா. தண்ணி போகாது," என்றார் அப்பா.

"மீன் பொரிச்சால் கட்டில் முழுக்க மணக்கும்."

"காம்பிங் போய் ஆர் மீன் பொரிக்கிறது?"

"பின்னை உங்கடை மகன் வந்து என்ன, பாணும் பட்டருமோ சாப்பிடப் போறான்?"

அப்பா முகம் மலர்ந்து, கையைக் காட்டி இடம் பிரித்தார். "முன்னுக்கு நாங்கள். பின்னுக்கு றெஜி. அவன் உயரம், காலை நீட்ட அதுதான் சரி. பிள்ளைக்கு மேசை."

பிள்ளை என்பது நான்.

எங்கள் அப்பார்ட்மெண்டில் இரண்டு படுக்கை அறைகள். ஒன்று அப்பா அம்மாவுக்கு. மற்றது அண்ணாவுடையது. இன்னும் அண்ணாவுடையதுதான். அம்மா இரண்டு கிழமைக்கு ஒருமுறை அந்தக் கட்டிலின் விரிப்பை மாற்றி, தலையணையைத் தட்டி வைப்பாள். நான் ஹோலில் சோபாவில் படுப்பேன். விடிய எல்லாருக்கும் முன்னால் எழும்பி, போர்வையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடுவேன். அப்போதுதான் ஹோல் ஹோலாக இருக்கும். அந்த அறையில் படுக்க வேண்டாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. படு என்றும் சொல்லவில்லை.

நான் பள்ளிக்கூடம் போகாமல் விட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வகுப்பில் எழும்பி நின்று பேசச் சொன்னால் எனக்கு வாய் திறக்காது. முதலில் பேச வேண்டிய நாட்களில் போகாமல் இருந்தேன். பிறகு எல்லா நாட்களும் அப்படி ஆகிவிட்டன. இப்போது பகலில் வீட்டில் நான் மட்டும்தான். லிஃப்ட் ஏறி இறங்குகிற சத்தத்தை வைத்து எந்த மாடியில் நிற்கிறது என்று சொல்லிவிடுவேன். பகலில் நான் தனிய இருப்பது அண்ணாவுக்கும் தெரியும். அதனால்தான் அவன் பகலில் எனக்குப் போன் எடுப்பான்.

போன கிழமையும் எடுத்தான். அப்பா ட்ரெய்லர் பார்க்கிறார் என்று சொன்னேன். "நான் வரமாட்டன் மக்டலீன். இந்த வருசம் மட்டுமில்லை, வாற எண்ணமே இல்லை," என்றான். பிறகு, "நீ இன்னும் சோபாவிலைதானோ கிடக்கிறாய்? விசரி. என்ரை கட்டிலை எடன்," என்றான். போனை வைத்த பிறகு நான் அவனுடைய அறை வாசலில் போய் நின்று கட்டிலைப் பார்த்தேன். மூலைகள் இறுக்கமாக மடிக்கப்பட்டிருந்தன. உட்காரவில்லை.

விற்பனைக்காரரை யாரோ அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆறுதலாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். அவர் போய்ச் சேர்ந்திருப்பாரோ தெரியாது, மழை பிடித்துக்கொண்டது. ஏரிப் பக்கத்திலிருந்து வந்த மழை, தூறலாகத் தொடங்காமல் ஒரேயடியாக விழுந்தது. அப்பா பாய்ந்து கதவைத் திறந்து கையை நீட்டினார். நீட்டிய கையைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"போச்சு. மூண்டு சோடியும் போச்சு."

"ஹவுஸ் எண்டு சொன்னீங்களெல்லோ, இப்ப இருங்கோ ஹவுசுக்குள்ளை," என்றாள் அம்மா.

சப்பாத்துகளுக்குள் தண்ணீர் நிரம்பி நின்றது. காலுறையோடு அந்தச் சரளைக் கல்லில் எங்கே போவது? மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அம்மா பையைத் திறந்து, ஃபொயில் பேப்பரில் சுற்றிய ரோல்சையும் தேநீர் பிளாஸ்கையும் எடுத்தாள். எங்கே போனாலும் அவள் சாப்பாட்டோடுதான் போவாள், டொக்டரிடம் போனாலும். பிளாஸ்கின் மூடியில் தேநீர் ஊற்றி முதலில் அப்பாவுக்குக் கொடுத்தாள். சீலையில் மழை விழுகிற சத்தம் பேச்சை விழுங்கியது. தகரப் பக்கம் ஒரு சத்தம், சீலைப் பக்கம் வேறொரு சத்தம். சீலையில் விழுவது கிட்டக் கேட்டது, யாரோ காதுக்குள் பேசுவது போல. மூவரும் இப்படி ஒரு மேசையில் ஒன்றாக இருந்து சாப்பிட்டு எவ்வளவு நாள் என்று நினைத்துப் பார்த்தேன். அப்பாவுக்குக் காலை வேலை, அம்மா இரவில் அலுவலகங்கள் துடைக்கப் போகிறவள். நினைவுக்கு வரவில்லை.

"என்ன பிள்ளை, நல்லாயிருக்கே?" என்று அப்பா கேட்டார். அவருடைய மீசையில் ரோல்ஸ் துகள் ஒட்டியிருந்தது. "றெஜி கண்டால் விழுந்துபோவான். இதைத்தான் எடுப்பம். அவன் வந்து இந்த முனையிலை கிடந்து குறட்டை விட, அங்காலை எங்களுக்கும் நித்திரை இல்லை."

அம்மா சிரித்தாள். அம்மா சிரித்ததால்தான் எனக்கு அந்தப் பேச்சை அதற்கு மேல் ஓடவிட முடியவில்லை. இவர் இன்னும் கொஞ்ச நேரத்தில் அலுவலகத்துக்குள் போய்க் கையெழுத்து வைத்துவிடுவார். ஆவணியில் இந்த முனையை விரித்து, சீலை கட்டி, பகல் முழுக்க வழியைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. அதை நான் எனக்கே முழுதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் வரவில்லை என்றால் அந்தக் கட்டில் காலியாகத்தானே இருக்கும்?

"அண்ணா வரமாட்டார்," என்றேன்.

மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது. அப்பா தேநீர் மூடியை மேசையில் வைத்தார்.

"ஆர் சொன்னது?"

"போன் எடுத்தவர். போன கிழமை."

"இந்த முறை வேலையோ?"

"இந்த முறை மட்டுமில்லையாம்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபிப்பாள், அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "சாப்பிடுறானாமோ?" என்று மட்டும் கேட்டாள். நான் அதைக் கேட்டிருக்கவில்லை. "ஓம்," என்றேன்.

அப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சன்னலில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவருடைய பின்கழுத்தில் மயிர் வெட்டிய கோடு புதிதாகத் தெரிந்தது. இன்று ட்ரெய்லர் பார்க்க வருவதற்காக நேற்றுப் போய் வெட்டியிருக்கிறார். திரும்பாமலே பேசினார். குரல் சாதாரணமாகவே இருந்தது.

"அப்ப அந்தச் சின்னது காணும், எமில்டா. உமக்கும் அதுதானே பிடிச்சது."

"ஓம்," என்றாள் அம்மா. "சீலையும் இல்லை."

"மூண்டு பேருக்கு உவ்வளவு பெரிசு என்னத்துக்கு? அதிலை முன்னுக்கு நாங்கள். பிள்ளைக்கு மேசை இருக்குத்தானே."

அவர் கொடுமையாகச் சொல்லவில்லை. கணக்குச் சரிவந்த மாதிரிச் சொன்னார். அம்மா ஃபொயில் பேப்பரை மடிக்கத் தொடங்கினாள். நான் மேசைப் பலகையைப் பார்த்தேன். மரம் போல அச்சடித்த பிளாஸ்டிக். அதில் தேநீர் மூடியின் ஈர வளையம் இருந்தது. இரவில் தாழ்த்திப் படுக்கலாம். விடிய, மற்றவர்கள் சாப்பிட எழும்பி வருமுன் உயர்த்திவிட வேண்டும்.

எழும்பினேன். பின்பக்கம் போய் அந்தக் கட்டிலில் ஏறினேன். கட்டிலுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் ஒரு திரை இருந்தது. அதை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை இழுத்து மூடினேன்.

"என்ன செய்யிறாய் பிள்ளை?" என்றாள் அம்மா.

"எனக்கு இது வேணும்."

"எது?"

"இந்தக் கட்டில். மேசையிலை படுக்கமாட்டன்."

வகுப்பில் எழும்பி நின்றால் திறக்காத வாய் இங்கே திறந்துவிட்டது. மெத்தையில் நீட்டிப் படுத்தேன். புதுச் சீலை ரப்பர் போல மணத்தது. குளிர் சீலைக்குள்ளால் வந்தது. மழை என் முகத்துக்கு மேலே ஒரு முழ உயரத்தில் விழுந்துகொண்டிருந்தது. என்னில் ஒரு துளியும் படவில்லை.

"உவளுக்கு என்ன பிடிச்சிருக்கு இப்ப?" என்று அம்மா மெல்லக் கேட்டாள்.

மழை விட்டது. பூட்ஸ் சரளையில் நெரிகிற சத்தம் கேட்டது. விற்பனைக்காரர் கதவைத் திறந்து, மன்னிப்புக் கேட்டு, சப்பாத்துகளைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு, எது என்று முடிவு செய்தாகிவிட்டதா என்று கேட்டார். அப்பா, "வீ டேக்…" என்று தொடங்கினார். தொடங்கியவர் நின்றுவிட்டார். விற்பனைக்காரர் காத்திருந்தார். அவசரமில்லை என்றார். ஆனால் சீலைக்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறது, இதை விரித்து விட்டாலும் சரி, மடித்து மூடினாலும் சரி, முதலில் அதைத் தள்ளிவிட வேண்டும் என்றார். கூட்டுகிற தும்புத்தடி எடுத்து வருகிறேன் என்று இறங்கினார்.

"மக்டலீன்," என்று அப்பா கூப்பிட்டார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. குரல் திரைக்குக் கிட்ட இருந்தது. "உள்ளுக்குக் குளிருதோ?"

"இல்லை," என்றேன்.

கதவு திறந்து மூடியது. பக்கத்துச் சீலையில் வலை வைத்த சின்னச் சன்னல் ஒன்று இருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன். தும்புத்தடி வரும் வரை அப்பா நிற்கவில்லை. காலுறையோடு ஈரச் சரளையில் இறங்கி, ட்ரெய்லரின் பின்பக்கம் சுற்றி வந்துகொண்டிருந்தார். என் தலைக்கு நேரே மேலே சீலை தண்ணீரின் பாரத்தில் பைபோல் தொங்கியது, அதற்குள்ளால் வெளிச்சம் வெளிறித் தெரிந்தது. அப்பா உயரமில்லை. குதிக்காலை உயர்த்தி, இரண்டு கைகளையும் சீலைக்கு மேலே எட்டி நீட்டி, தேங்கிய தண்ணீரை மெல்லத் தன் பக்கம் வழித்தார். தண்ணீர் ஒரு பக்கமாகத் திரண்டு, விளிம்பால் சரிந்து, அவருடைய சட்டைக் கைகளுக்குள்ளால் ஓடியது. அவர் கையை எடுக்கவில்லை. அப்படியே அடுத்த மூலைக்கு நகர்ந்தார். எனக்கு மேலே சீலை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டிருந்தது.