சஹனைச் சுற்றி ஒரு வளையம்

குடுவையின் அடியில் மறுபடியும் அதே மஞ்சள் பிசின். நிலோபர் சுரண்டிப் பார்த்தாள், அசையவில்லை.

உத்தமபாளையத்துக் கல்லூரியில் அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, குளோரைடு அயனியைப் பிடித்துக்கொண்டு நைட்ரேட்டை விட்டுவிடும் வளைய மூலக்கூறு ஒன்றைக் கட்டுவது. இரண்டு வகைத் துண்டுகள் மாறி மாறிக் கைகோத்து வட்டமாக மூட வேண்டும். அவையோ சங்கிலியாக நீண்டு பிசினாகிக்கொண்டே இருந்தன.

"வளையல் கேட்டா ஒவ்வொரு தடவையும் அரணாக்கயிறுல்ல திரிச்சுக் குடுக்குற!" என்றான் அடுத்த மேசை விஜயகுமார்.

பேராசிரியர் ராஜமணி சிரிக்கவில்லை. "துண்டு இன்னும் ஒரு தடவைக்குத்தாம்மா இருக்கு. அதுவும் பிசினானா தலைப்பை மாத்திருவோம்."

"மாத்த வேணாம் சார். மூட வச்சிருவேன்."

ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் மாமா மகன் நவாஸின் கல்யாணம். விருந்துக்கு வந்த பெண்கள் சுவரோரம் வரிசையாக அமர்ந்தார்கள்.

"என்ன, பஸ்ஸுக்கா காத்திருக்கீக? வட்டமா உக்காருங்க," என்றாள் பரிமாற வந்த ரஃபியா அக்கா.

"சஹன் வரட்டும்டி. வெறுந்தரையைச் சுத்தியா வட்டம் போடுவாக?" என்றாள் வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி.

சோறு குவித்த பெரிய சஹன் தட்டு நடுவில் வந்து இறங்கியது. யாரும் மறுபடி சொல்லாமலே நிலோபரோடு நான்கு பேர் அதன் பக்கம் திரும்பி, முழங்கால் இடிக்க வட்டமானார்கள். நிலோபரின் கை சோற்றிலேயே நின்றது.

"நான் நடுவுல ஒண்ணுமே வைக்கலக்கா."

"எங்கன?"

"குடுவைக்குள்ள."

"இவளுக்கு இன்னொரு துண்டு கறி போடுங்க. பசி மயக்கம் போல."

மறுநாள் முதலில் குளோரைடு உப்பைக் கரைத்தாள். பிறகுதான், மிச்சமிருந்த துண்டுகளைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

விஜயகுமார் எட்டிப் பார்த்தான். "பிடிக்க வேண்டியதை முன்னாடியே உள்ள போட்டா களவாணித்தனம்ல?"

"அதைக் கழுவி எடுத்திருவேன். வளையம் நிக்கும்."

சாயங்காலம் குடுவையில் பிசின் இல்லை. வெள்ளைத் தூள் படிந்திருந்தது. குளோரைடைக் கழுவி நீக்கி, தூளை மதுரை ஆய்வகத்துக்கு அனுப்பினாள். மூடிய வளையந்தான் என்று அளவீடு வந்தது. நைட்ரேட்டைச் சேர்த்தபோது வளையம் சட்டை செய்யவேயில்லை; குளோரைடு வந்ததும் அதன் உட்புற ஹைட்ரஜன்கள் எல்லாம் அதைக் கவ்விக்கொண்டன.

அளவீட்டுத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு ராஜமணி நிமிர்ந்தார். நிலோபர் காலிப் புட்டியை அவர் முன் வைத்தாள்.

"துண்டு தீந்துருச்சு சார். இந்தத் தடவை கூடுதலா வரவழைக்க எழுதிப் போடுங்க. அடுத்து நடுவுல ஃபுளோரைடை உக்கார வைக்கணும்."