கொழுந்தனாரின் டிராக்டர் பக்தி

அந்த டிராக்டரைக் கண்டாலே எனக்குக் குமட்டும். இதைக் கேட்டால் என் கொழுந்தன் காசிராஜனுக்கு நெஞ்சு வலிக்கும். நன்றாக வலிக்கட்டும்.

மாமனார் வாங்கிய வண்டி அது. நான் வாக்கப்பட்டு வந்தபோதே அதற்கு வயசாகிவிட்டது. முதலில் மாமனார் ஓட்டினார், பிறகு என் வீட்டுக்காரர். அவர் மாரடைப்பில் போன பிறகு நான் ஓட்டுகிறேன். சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகிற வழியில் எங்களுக்கு ஆறு ஏக்கர் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. அதை உழ அந்தச் சனியனை விட்டால் எனக்கு வேறு நாதி இல்லை.

ஓட்டியவளுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். சாவியைத் திருகினால் ஸ்டார்ட் ஆகாது. ராத்திரி மேட்டில் ஏற்றி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, காலையில் கல்லை உருவிச் சரிவில் உருட்டிவிட்டால் மனசு வந்து உறுமும். ஸீட்டுக் கம்பி குத்திக் குத்தி என் இடுப்பு போனது. தின்கிற சோற்றில் டீசல் வாடை. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு சீயக்காய்க்கும் போகாது, புளிக்கும் போகாது. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரி என் கையைப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அவள்மேல் தப்பில்லை. எனக்கே அந்தக் கையால் சாப்பிடப் பிடிக்காது.

காசிராஜன் சென்னையில் கவர்மெண்டு உத்தியோகம் பார்த்து, ரிட்டயர் ஆகி ஊர் திரும்பியவர். திரும்பியதும் பழைய டிராக்டர் ரசிகர்கள் என்று ஒரு வாட்ஸப் குரூப்பில் சேர்ந்தார். சிறு வயதில் இந்த வண்டியில்தான் உழுது பழகினாராம். அதன் புகை வாசம் தாய்மடி வாசமாம். அட பாவி மனுசா! பொங்கலுக்கு வந்து போட்டோ எடுக்க ஏறியதைத் தவிர அவர் பின்புறம் அந்த ஸீட்டில் பட்டதே கிடையாது. எங்கள் சாணி வேலையெல்லாம் அவர் வாயில் சந்தனமாக மணக்கும். குரூப்பில் எழுதுகிற ஒவ்வொன்றையும் எனக்கு வேறு அனுப்பி வைப்பார்.

இந்த ஆடியில் என் மகள் காவியா கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். பக்கத்துக் காட்டையெல்லாம் வளைத்துப் போட்ட சோலார் கம்பெனிக்காரன் எங்கள் காட்டையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஒன் இடுப்பப் பாரு. இந்த வருசம் ஆறு ஏக்கரும் வெதச்சிட்டா நான் வாயத் தொறக்கல. ஒரு துண்டு தரிசு கெடந்தாலும் சோலார்காரனுக்குக் குடுத்திரணும், சரியா?"

"சரிட்டி" என்றேன். வாய் விட்டுச் சொல்லிவிட்டேன். அந்தக் காட்டில் கண்ணாடிப் பலகை நட்டுவிட்டு நான் எங்கே போய் உட்கார?

ஆயுத பூசையன்று காசிராஜன் குரூப்பு டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு, பால் கேனோடு வந்து இறங்கினார். டிராக்டருக்குப் பாலாபிஷேகம். தலையிலிருந்து சக்கரம் வரைக்கும் பாலை ஊற்றி, மஞ்சள் அப்பி, கண்ணை மூடிக் கும்பிட்டார். நான் சுண்டல் எடுக்க வீட்டுக்குள் போன நேரத்தில் இன்னும் என்னவோ செய்திருக்கிறார். மறுநாள் வண்டி முழுக்கப் பால் புளித்து, ஈ அடைந்து, தெருவே நாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவியது யார்? நான்தான்.

ஐப்பசியில் மழை பெய்தது. கரிசலில் அதிக ஈரத்தில் இறங்கினால் சக்கரம் புதையும். காயவிட்டால் மண் வெடித்துவிடும். நடுவில் பதம் என்று ஒன்று உண்டு. அது வந்த அன்று விடியும்போதே உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விசிறி, மேலே உழுது மூடிக்கொண்டே போனேன். பாதிக் காடு முடிந்தது. வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு நடுக்காட்டில் நின்றது.

இறங்கிப் பார்த்தேன். டீசலை வடிகட்டுகிற இடத்தில் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று உண்டு. அதன் அடியில் சேறு. எங்கள் காட்டு மண் அடுப்புக்கரி மாதிரி இருக்கும். இது பழுப்பு. மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன். டீசல் பம்பு போயிருக்கும், அந்தக் காலத்து வண்டிக்குப் பம்பைத் தேடிப் பிடிக்கவே ஒரு மாதம் ஆகும் என்றார். பூசையன்று வண்டியோடு தனியாக நின்றவர் நினைவுக்கு வர, உடனே காசிராஜனைக் கூப்பிட்டேன். காரில் வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வரப்பில் நடந்து வந்தார்.

"டீசல் தொட்டிக்குள்ள என்னத்தப் போட்டீரு?"

அவர் முகம் மலர்ந்தது.

"புத்துமண்ணு மதினி! கோமதியம்மன் கோயில்ல வாங்குனது, ஒரு கைப்பிடி. மனுசனுக்கு ஒடம்பு சரியில்லன்னா கரைச்சுக் குடிக்கோம்லா? இதுவும் நம்ம வீட்டு ஆளுதான?"

எனக்கும் புற்றுமண்ணில் நம்பிக்கை உண்டு. காவியாவுக்குச் சின்னதில் உடம்பெல்லாம் தடித்தபோது அதைத்தான் பூசினேன், கோமதியம்மன் கைவிடவில்லை. அதற்காக டீசலில் கரைப்பார்களா! அந்தத் தாயே பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாள்.

"பாதிக் காடு பாக்கி கெடக்கு. நாளைக்கு மண்ணு வெடிச்சிரும். வாடகை வண்டிக்காரன் எவனக் கேட்டாலும் நாலு நாள் கழிச்சு வாரேங்கான். ஒம்ம குரூப்புல அத்தன பேரு டிராக்டர் வச்சிருக்கான்லா, ஒருத்தனக் கூப்பிடும்."

"அதெல்லாம் உழுற வண்டி இல்ல மதினி. ஹெரிட்டேஜ்" என்றார்.

சொல்லிவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்து, குரலைக் கம்ம வைத்துக்கொண்டு, "நண்பர்களே, எங்கள் வீட்டுச் சிங்கம் இன்று சாய்ந்துவிட்டது" என்று ஆரம்பித்தார். த்தூ என்று துப்பினேன். அது அவர் வீடியோவிலும் விழுந்திருக்கும்.

சங்கரன்கோவிலில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிற ஷிரின் பானுவுக்குப் போன் போட்டேன். லோடு இழுக்க அவளிடம் புது டிராக்டர் ஒன்று உண்டு.

"ஏட்டி ஷிரினு, ஒன் வண்டிய இப்பமே அனுப்பு. கலப்ப என்கிட்ட இருக்கு. மிச்சக் காட்ட உழுது குடுத்துட்டு, எங்க பழைய வண்டிய இரும்புக்கு இழுத்துட்டுப் போயிரு. கணக்கு நேராயிரும்."

"யக்கா, நெசமாத்தான் சொல்லுதீங்களா?"

"நீ அனுப்பு தாயி."

டிரைவர் பாண்டிராஜ் வந்து, என் கலப்பையைக் கழற்றி மாட்டிக்கொண்டான். நான் முன்னால் விசிறிக்கொண்டே போக, அவன் பின்னால் மூடிக்கொண்டே வந்தான். காசிராஜன் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு குரூப்புக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் ஆறு ஏக்கரும் முடிந்தது. ஒரு சாண் தரிசு இல்லை. காவியாவைப் போனில் கூப்பிட்டு, சோலார்காரனை வேறு காடு பார்க்கச் சொல்லிவிட்டேன்.

பாண்டிராஜ் பழைய வண்டியில் சங்கிலியை மாட்டியதும்தான் காசிராஜனுக்கு விஷயம் விளங்கியது. காரிலிருந்து ஓடி வந்து பானட்டைக் கட்டிப்பிடித்தார். மூக்கு ஒழுக, தோள் குலுங்க, பச்சைப் பிள்ளை மாதிரி அழுதார்.

"மதினி, வேண்டாம் மதினி! அண்ணன் உசுரு இதுலதான் இருக்கு!"

அழுகை நிஜம். நடிப்பென்றால்கூட மன்னித்திருப்பேன்.

"ஒங்க அண்ணன் உசுரு போன அன்னைக்கு நீரு ஒரு சொட்டு விடலையே வே. அவியளப் பாடையில கெடத்தியிருக்கும்போது, மெட்ராஸ் ரயிலுக்கு நேரமாச்சு, சீக்கிரம் தூக்குங்கன்னு சொன்னது ஆரு?"

அவர் பானட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. முகத்தை மட்டும் திருப்பினார்.

"அப்பம் லீவு கெடைக்கல மதினி."

நான் பாண்டிராஜைப் பார்த்து, "நீ இழு ராசா" என்றேன்.