முகட்டு வழியின் நிறம்

என் மனைவிக்கு மரங்களில் சாயம் பூசுகிற வேலை. கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். நானும் கல்யாணத்துக்கு முன்னால் சிரித்தேன், பிறகு புத்தி வந்து நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் ஊருக்கு மேலே பெரிய மலைப்பூங்கா இருக்கிறது. அதற்குள் போகிற நடைவழி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஏரியைச் சுற்றி வருகிற வழிக்கு நீலம், தோப்புக்குள் ஏறுகிற வழிக்கு மஞ்சள், முகட்டுக்குப் போகிற வழிக்குச் சிவப்பு. வழி நெடுக மரங்களில் கண்ணுயரத்துக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டை இருக்கும். மழையில் அது மங்கினால் இவள் டப்பாவும் தூரிகையுமாகப் போய் மறுபடி பூசிவிட்டு வருவாள். முன்பின் தெரியாதவர்கள் இவள் பூசின நிறத்தை நம்பிக் காட்டுக்குள் போய்ப் பத்திரமாகத் திரும்பி வருகிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பிடித்தது முகட்டு வழிதான். எனக்குப் பிடித்தது பூங்கா வாசலிலிருந்து டீக்கடைக்குப் போகிற வழி. நான் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன். கனமான பெட்டிகளை மாடி மாடியாக ஏற்றி இறக்கியதில் முழங்கால் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டு வெகுநாளாகிறது.

மச்சானுக்கும் முகட்டு வழி என்றால் உயிர். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், பஸ் டிரைவர். வாலிபத்தில் இந்த மலைச்சாலையில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். லீவு நாளில் தங்கையைக் கூட்டிக்கொண்டு முகட்டில் ஏறி, கீழே தெரிகிற தன் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். வளைவு வளைவாக பஸ்கள் ஏறுவது அங்கிருந்து நன்றாகத் தெரியும். திரும்புகிற தினுசை வைத்தே ஓட்டுகிறது யார் என்று சொல்லிவிடுவாராம். பாதி புளுகாகத்தான் இருக்கும்.

அப்புறம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். போன வருஷம் கண்ணில் அழுத்தம் அதிகமாகி, ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். போன பார்வை திரும்பாது, ஆபரேஷன் செய்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின வாரம் மச்சான் ஒரு பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மிச்சத்தைக் காப்பாத்தத்தான் ஆபரேஷனாம் மாப்ள. மிச்சம் இருக்கான்னு யாரு பார்த்தா? பொட்டிக்குள்ள தலைய விடச் சொல்லி, விளக்கு தெரியுதா, விளக்கு தெரியுதாங்கிறாங்க. விளக்க வச்சு நான் என்ன பண்றது? முகட்டுல போய் உட்காருவேன். நம்ம ரோட்டுல ஒரு பஸ் ஏறுறது தெரிஞ்சா, கத்தி வைக்கச் சொல்லிடுவேன். தெரியலைன்னா, இருக்கிறதோட இருந்துட்டுப் போறேன்."

"உனக்கு எல்லாமே விளையாட்டுதாண்ணா" என்றாள் இவள்.

எனக்கும் அது விளையாட்டுப் பேச்சாகத்தான் பட்டது. ஆனால் சொல்லும்போது அவர் கை பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தது. பெரிய பஸ்ஸைப் பாதாளத்தின் ஓரமாகத் திருப்பின மனிதருக்கு ஆஸ்பத்திரிக் கத்தியென்றால் நடுக்கம். வேண்டாமென்று சொல்ல ஒரு சாக்குத் தேடித்தான் வந்திருக்கிறார் என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டீ கொடுத்தபோது பக்கத்தில் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டார். வாசற்படியில் இடித்துக்கொண்டார். அதே மனிதர் எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இது மெதுவா ஓடுது மாப்ள, பேட்டரிய மாத்துங்க" என்றார். ஓரப் பார்வை போய், நேர்ப் பார்வை மட்டும் குழாய்க்குள் பார்க்கிற மாதிரி தெளிவாக மிஞ்சியிருந்தது. இது எங்களுக்குப் பின்னால்தான் புரிந்தது. அன்று இவள் பார்த்தது கொட்டின டீயை மட்டும்தான்.

அடுக்களையில் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "டம்ளர் தெரியாதவருக்கு முகட்டுப் பாறை எப்படிங்க தெரியும்? ரெண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம். கண்ணு நல்லா இருக்கிறவங்களையே அங்கேயிருந்து ஸ்ட்ரெச்சர்ல இறக்கியிருக்கேன்."

"அப்போ போகவேண்டாம்னு சொல்லிடு."

"சொன்னா தனியா கிளம்பிடுவார். மஞ்சள் வழியில கூட்டிட்டுப் போறேன். அதுலயும் மேல ஒரு பாறை இருக்கு, வேலி போட்டிருக்கு. அவர் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதான். பஸ் வருதுன்னு நான் சொல்றேன். அவரும் தெரியுதுன்னு சொல்லிட்டு சந்தோஷமா ஆபரேஷனுக்குப் போவார்."

கேட்க நல்ல யோசனையாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். தலையாட்டினதோடு நில்லாமல், முழங்காலைக் கெஞ்சி நானும் கூடப் போனேன்.

பாலம் தாண்டியதும் வழி பிரிகிறது. இவள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ பழங்கதை பேசியபடி மஞ்சள் பக்கம் திரும்பினாள். கொஞ்ச தூரம் போனதும் மச்சான் நின்றார்.

"பாப்பா, மரத்துல மஞ்சள் தெரியுதே. நம்மது சிவப்புல்ல?"

தூக்கிவாரிப்போட்டது எனக்கு. இவள் அசரவில்லை. "நிறத்தை மாத்திட்டோம்ணா. சிவப்பு சீக்கிரம் வெளுத்துடுது. நான்தான் பூசினேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார். சாயம் பூசுகிறவளே சொல்கிறாள். "அதுவும் சரிதான்" என்று நடந்தார். உள்ளங்கை அகலப் பட்டையின் நிறம் தெரிகிற கண்ணுக்கு மற்றது தெரியாதா என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பொய் பிடிபடாமல் தப்பித்த நிம்மதியில் இருந்தோம்.

மேலே பாறையில், புதிதாகப் போட்டது என்று இவள் சொன்ன வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல வெயில், மேகமே இல்லை. எதிரே ஒரு மலைச்சரிவு, கீழிருந்து மேல்வரை அடர்ந்த காடு. சாலை அந்தச் சரிவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

"ரோடு எங்க பாப்பா?"

"அதோ, நேரா கீழ பாருண்ணா. வளைவெல்லாம் தெரியுதே. ஒரு பஸ்கூட ஏறுது பார்."

பார்த்தார். தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வேலியோரமாக நகர்ந்து நகர்ந்து, இண்டு இடுக்கு விடாமல் தேடினார். பிறகு சின்னக் குரலில், "எல்லாம் ஒரே பச்சையா இருக்கு பாப்பா" என்றார்.

அங்கே இருந்தது ஒரே பச்சைதான். உள்ளதை உள்ளபடி பார்த்துச் சொன்னார் மனிதர். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"நல்லா பாருண்ணா, வளைவுல திரும்புது."

மச்சான் தங்கையின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஆமா ஆமா, இப்போ தெரியுது. வெள்ளை பஸ்தானே?"

"ஆமாண்ணா, வெள்ளைதான்!"

இறங்கும்போது அவர் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடியே வந்தார். களைப்பு என்று நினைத்தோம். இவளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அண்ணனை பஸ் ஏற்றிவிட்டு வந்து, "பார்த்தீங்களா, எல்லாம் மனசுதாங்க" என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தாள்.

ஆபரேஷன் அன்று காலையில் இவள் அண்ணியிடமிருந்து போன் வந்தது. "ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு கட்டில்ல உட்கார்ந்திருக்காரு. தங்கச்சிக்குத் தெரியற பஸ் எனக்குத் தெரியலை, அவ மனசு கஷ்டப்படுமேன்னு தெரியுதுன்னு சொன்னேன், இனி காப்பாத்த என்ன இருக்குங்கிறாரு."

இவள் போனை மச்சானிடம் கொடுக்கச் சொன்னாள். அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். அது முகடே இல்லை, மஞ்சள் வழி, அங்கே ரோடே தெரியாது, பஸ்ஸும் இல்லை, எல்லாம் நான் கட்டின கதை என்றாள்.

மச்சான் பொறுமையாகக் கேட்டார். "விடு பாப்பா. எனக்குத் தைரியம் சொல்றதுக்காக இப்படியெல்லாம் சொல்ற. நீதானே நிறத்தை மாத்தினதா சொன்ன? உனக்குப் பொய் சொல்ல வராதும்மா."

நான் போனைப் பிடுங்கினேன். "மச்சான், சத்தியமா உண்மை. நானும் கூடத்தானே இருந்தேன்!"

"நீங்க என்னைக்கு மாப்ள அவ பேச்சுக்கு மறுபேச்சு பேசியிருக்கீங்க?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கத்தியிலிருந்து தப்பித்த நிம்மதியும் இருந்தது. நாங்கள் கொடுத்த சாக்கை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

நேரிலும் போனோம். முகட்டுக்கு வா, முதுகில் சுமந்தாவது கூட்டிப்போகிறேன் என்று காலைப் பிடித்துக் கெஞ்சினாள் தங்கை. ஆசை தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டார். டாக்டர் மறுபடி நாள் கொடுத்தார். அதுவும் போனது. ஒரு மனிதரைக் கட்டித் தூக்கிப்போய் ஆபரேஷன் செய்ய முடியுமா?

மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் அவரே கூப்பிட்டார். இவள் மாவு ஒட்டின கையோடு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பாப்பா, நேத்து வரைக்கும் எதிர்வீட்டுக் கதவு தெரிஞ்சுது. கதவுல பூட்டு தொங்குதா இல்லையான்னுகூடத் தெரியும். இன்னைக்கு எழுந்தா ஒண்ணுமே இல்ல. கையைக் கண்ணுக்கு நேரா வச்சாலும் இல்ல. இப்பத்தான் தெரியுது, கண்ணு தெரியாம இருக்கிறதுன்னா எப்படி இருக்கும்னு."

அவரே தொடர்ந்தார்.

"அன்னைக்கு மலைமேல இப்படி இல்லையே. ஒவ்வொரு மரமா தெரிஞ்சுதே. அப்போ நீ போன்ல சொன்னதுதான் நிஜமா பாப்பா?"

"ஆமாண்ணா" என்றாள் இவள்.