தறிச் சத்தத்தை நம்பியவள்

நெசவாலைக்குப் புதிதாக வந்தவள், காதைப் பிளக்கும் தறிச் சத்தத்தை நம்பி, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், மனதில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுக் கொட்டுவாள். செத்துப்போன அம்மாவிடம் அழுவாள். ஓடிப்போன புருஷனைக் கிழிகிழியென்று கிழிப்பாள்.

ஒருநாள் பக்கத்துத் தறி அக்கா, கடைசித் தறிக்காரியோடு வெறும் உதட்டசைவிலேயே கதையளப்பதைப் பார்த்தாள். இங்கே எல்லாரும் உதட்டைப் படிப்பார்களா? தூக்கிவாரிப்போட்டது.

இடைவேளையில் அக்காவைப் பிடித்தாள். "அப்போ என் வண்டவாளமெல்லாம் எல்லாருக்கும் தெரியுமாக்கா?"

"ஒரு மண்ணும் தெரியாது. நீ வாயைத் திறந்தாலே நாங்க முகத்தைத் திருப்பிக்குவோம்டி."

மறுபடி தறிகள் ஓடின. "அம்மா" என்று ஆரம்பித்து, பேச்சின் நடுவே முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள். வரிசை முழுக்க முதுகுகள். எந்நேரமும் வாயாடும் மேஸ்திரிகூடச் சுவரைப் பார்த்து நின்றார்.

அக்காவின் தோளைத் தொட்டுத் திருப்பி, உதட்டை மட்டும் அசைத்தாள்:

"எல்லாரையும் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்கக்கா."