ஊதா இல்லை என்று எழுதியவன்

ஐந்து இதழும் விரிந்து என் மூக்குக்கு நேரே நிற்கிறது அந்த ஆர்க்கிட் பூ, வேரெல்லாம் காற்றில் தொங்க, கம்பியில் மாட்டிய மரக்கூடையோடு லேசாக ஆடுகிறது, நான் அதைக் கட்டைவிரலால் திருப்புகிறேன், ஏற்காட்டில் ஒரு தேவாலயத்துக் கூடம், ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, எங்கள் ஆர்க்கிட் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி, நடுவர் நான், பதினெட்டு வருடமாக நான்தான், அட்டையில் ஊதா வகுப்பு என்று எழுதியிருக்கிறது, வளர்த்தவன் ஞானமுத்து, என் மனைவி ரோசலினின் தம்பி, விரல் நீளக் குட்டியாக வாங்கி முதல் பூவுக்கு ஆறு வருடம் காத்திருந்தவன், இரண்டு எட்டு தள்ளி நின்று அந்தக் குளிரிலும் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறான், மாப்ள, இது ஊதாவா என்று கேட்டேன், பின்ன என்ன மச்சான் என்றான், பழுப்பு, கழுவாத காபி டம்ளர் மாதிரி இருக்கு என்றேன், யாரோ சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, பேனாவைத் திறந்து ஊதாவை அடித்துப் பழுப்பு என்று எழுதினேன், எங்கள் சங்கத்தில் நடுவர் எழுதினால் அதுதான் நிறம், பழுப்புக்கென்று ஒரு வகுப்பே கிடையாது, ஆக அந்தச் செடி போட்டியிலேயே இல்லை, சுற்றி நின்றவர்கள் பூவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், அடுத்த கூடைக்கு நகர்ந்தார்கள், ஞானமுத்து கூடையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு மூடுபனிக்குள் போனான்.

நிறத்துக்காகச் சண்டை போடுவது எங்களுக்குப் புதிதில்லை, என் மாடித் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம், கலர்னா அடிக்கணும் மச்சான், உங்க பூவெல்லாம் ஆஸ்பத்திரி பெட்ஷீட் என்பான், உன் தோட்டம் திருவிழா ரிப்பன் கடை என்பேன், ரோசலின் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே சோறு போடுவாள், எது முன்னால், எது பின்னால் என்று இப்போது சரியாக ஞாபகம் வரவில்லை, ஆனால் ஒரு நாள் நான் சந்தனம் என்று பெயர்ச்சீட்டு எழுதி வைத்திருந்த தொட்டிமுன் குனிந்தவன் நிமிரவே இல்லை, இது சந்தனமா, சுத்த வெள்ளை மச்சான், கண்ணை எங்கியாவது காட்டுங்க என்றான், கிண்டல் என்று நினைத்தேன், கண்காட்சியில் பேனாவைத் திறந்தபோது அந்தக் கிண்டல் எனக்குள் இருந்ததா, இருந்திருக்கும்.

கண்காட்சிக்குப் பிறகு மூன்று வருடம் அவன் எங்கள் வாசல் மிதிக்கவில்லை, தம்பியின் போன் வந்தால் ரோசலின் கொல்லைப்பக்கம் போய்விடுவாள், திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள், போன மாதம் நான் மாடிப்படியில் கால் தவறி உட்கார்ந்தேன், இருபது கொண்டையூசி வளைவும் இறக்கி ரோசலின் என்னைச் சேலத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள், இவ்வளவு முத்தவிட்டா எப்படி சார், பழுப்புக் கண்ணாடி வழியாத்தான் எல்லாத்தையும் பார்த்திருக்கீங்க என்றார் டாக்டர், கண்புரை, இரண்டு கண்ணிலும், முதலில் வலது கண்ணை முடித்தார், கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் மாடி ஏறுகிறேன், சந்தனத் தொட்டியில் ஒரு வெள்ளைப் பூ, நீலம் போட்டு அலசிய வேட்டி வெள்ளை, வலது கண்ணை மூடினால் சந்தனம், இடதை மூடினால் வெள்ளை, மாற்றி மாற்றி மூடுகிறேன், என்னங்க, இந்த வயசுல யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறீங்க என்கிறாள் ரோசலின், இது என்ன நிறம் சொல்லு என்கிறேன், வெள்ளைதான் என்கிறாள், இத்தனை வருஷம் ஏன் சொல்லல, சொன்னவன்தான் வீட்டுக்கு வர்றதில்லையே.

நாகலூரில் அவன் வீட்டு கேட்டைத் திறக்கிறேன், குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறான், வாங்க என்று சொல்லவில்லை, என்ன, பேனா கொண்டாந்தீங்களா என்கிறான், நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறேன், அதே கூடை, இப்போது மூன்று கொத்து, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு கிட்டே போகிறேன், ஊதா, அதில் கொஞ்சம்கூடச் சந்தேகமில்லை, ஊதாதான் மாப்ள, தப்பா எழுதிட்டேன், என் கண்ணுதான் கெட்டிருந்துச்சு என்றேன், அவன் தண்ணீரை நிறுத்தவில்லை, அது என் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடுகிறது, அப்ப பூ நல்லாயிருக்கா என்று கேட்டான், ஆமாம் என்று ஒரு வார்த்தை, சொல்லியிருக்கலாம், மறுபடி பார்த்தேன், இல்ல மாப்ள, எனக்குப் பிடிக்கல, கண்ணைக் குத்துது என்றேன், அவன் குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான், இருமல் வரும்வரை சிரித்தான், இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அங்கயே சண்டை போட்டுட்டு மத்தியானம் உங்க வீட்லதானே சாப்பிட்டிருப்பேன், பிடிக்கலைன்னா பிடிக்கல, ஊதாவே இல்லைன்னுல்ல எழுதிட்டீங்க, என்று சொல்லி வீட்டுப் பக்கம் திரும்பி, மச்சான் வந்திருக்கார், சாப்பிட்டுட்டுத்தான் போவார் என்று குரல் கொடுக்கிறான், காற்றில் கூடை தானாகவே திரும்பிப் பூவை என் முகத்துக்கு நேரே கொண்டுவருகிறது, ஒரு கண்ணில் பழுப்பு, ஒரு கண்ணில் ஊதா, இரண்டிலுமே பிடிக்கவில்லை, பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.