நாகலட்சுமியின் கனைப்பு

நாகலட்சுமி பிறப்பதற்கு முன்பே ஜெர்மனியில் பதிவான ஒரு சிம்பொனியில் அவள் கனைத்திருந்தாள். இரண்டாம் பாகத்தில், வயலின்கள் ஓய்ந்து புல்லாங்குழல் தொடங்குமுன் வரும் அமைதியில் அது தெளிவாகவே கேட்கும். கணவன் பெயரைச் சொல்லும் வழக்கம் அவள் பிறந்த வீட்டில் இல்லை. கல்கத்தாவுக்கு வந்தும் அது மாறவில்லை. துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த ஜம்புநாதனைக் காலமெல்லாம் கனைத்தே கூப்பிட்டாள். கடைசியாக ஒரு மழைக்காலக் காலையில் சமையலறையிலிருந்து கனைத்தாள். அவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டுப் போவதற்குள் அவள் உயிர் போய்விட்டது. எதற்குக் கூப்பிட்டாள் என்று தெரியாமலே மனிதர் பாதியாக இளைத்தார்.

பழைய இசைத்தட்டுக் கடையில் நாகஸ்வரத் தட்டு கேட்டவருக்கு உறை மாறி வந்தது அந்த சிம்பொனி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை இயற்றியவரை அவருடைய ஊரே மறந்துவிட்டிருந்தது. லேக் கார்டன்ஸ் வீட்டில் அதை ஓடவிட்ட முதல் நாளே ஜம்புநாதன் நாற்காலியை விட்டு எழுந்து, "என்ன?" என்று கேட்டார். பதில் வருமுன் புல்லாங்குழல் குறுக்கே வந்து விழுந்தது. தினமும் அப்படியே ஆயிற்று. காத்திருந்தே சிம்பொனி முழுவதும் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. அது அழகாக இருந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, இது அம்மா பொறக்கறதுக்கு முன்னாடி எடுத்த ரெக்கார்டுப்பா" என்றாள் மகள் சஹானா.

"அப்போ அத்தனை வருஷமா கூப்பிட்டுண்டு இருந்திருக்கா."

கனைப்புக்குப் பின்னால் ஏதாவது முணுமுணுப்பு இருக்கிறதா என்று யாராவது கண்டுபிடித்துச் சொல்லட்டுமே என்று சஹானா அதை இணையத்தில் ஏற்றினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, உலகம் அந்த சிம்பொனியைக் கண்டுபிடித்துவிட்டது. பெரிய அரங்குகளில் வாசித்தார்கள், விமர்சகர்கள் உருகினார்கள். வெளிநாட்டு நிறுவனமொன்று அந்தப் பழைய பதிவைத் துடைத்து, இரைச்சல் நீக்கிப் புதிதாக வெளியிட்டது. அன்றைக்கே ஜம்புநாதனின் தட்டிலிருந்தும் கனைப்பு போய்விட்டது. தட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தவர், பிறகு குழந்தைபோல அழுதார். அடுத்த மழைக்காலத்தைப் பார்க்க அவர் இல்லை.

துடைத்த பதிவில் இப்போது அதே இடத்தில், தமிழில், ஓர் ஆண்குரல் "என்ன?" என்கிறது. நிறுவனம் இரண்டுமுறை நீக்கிப் பார்த்தது, போகவில்லை. கேட்பவர்களுக்கும் பழகிவிட்டது. சிம்பொனியை வாசிக்கும் குழுக்கள்கூட அந்த இடத்தில் சற்று நிறுத்திவிட்டுத்தான் புல்லாங்குழலைத் தொடங்குகின்றன. பதில் இதுவரை வரவில்லை.