துணி போர்த்திய பெட்டி

ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு அறைக்கு வெளியே, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்கும் என் அக்கா, காலையில் வெளியிலிருந்து வரவழைத்த கம்ப்யூட்டர் நிபுணர், இங்கே கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் நான். மூலையில் துணி போர்த்திய ஓர் அட்டைப்பெட்டி. அதன்மேல் எங்கள் காபிக் கோப்பைகள்.

நிபுணர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நெட் வழியா உள்ள புகுந்தவனுங்க நோயாளிங்க ஃபைல் எல்லாத்தையும் பூட்டிட்டானுங்க. சரி, பேக்கப் நகல் இருந்தா மீட்டுடலாம். ஆனா அதுவும் இல்லையே? துடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"பேக்கப்புக்கு உத்தரவு போடுற கன்சோல் எதுல ஓடுது?"

"தனி மெஷின்ல," என்றார் டாக்டரம்மா. "போன வருஷப் பாதுகாப்பு ஆடிட்லயே கன்சோலையும் பேக்கப் சர்வரையும் பிரிக்கச் சொன்னாங்க. புதுசு வாங்கிக் கொடுத்தோம். பிரிச்சாச்சுன்னு தம்பி கையெழுத்துப் போட்டிருக்காரே."

"அதைக் காட்டுங்க தம்பி."

கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். துணியை இழுத்தேன். பெட்டியில் ஒட்டிய டேப்பைக்கூட யாரும் பிரித்திருக்கவில்லை.

நிபுணர் ஒரு முறை சிரித்தார். "நல்லாத்தான் பாதுகாத்திருக்கீங்க. இதை மட்டும் ஒருத்தனும் தொடலை."

பெரிய காரணம் ஒன்றுமில்லை. நகல்கள் இருக்கிற சர்வரிலேயே கன்சோலும் இருந்தால் ஒரே நாற்காலி, ஒரே திரை, ஒரே கடவுச்சொல். பிரித்தால் மாடி ஏறி இறங்க வேண்டும். நாளைக்குச் செய்யலாம் என்றுதான் கையெழுத்துப் போட்டேன். அந்த நாளை எட்டு மாதம் நீண்டது. பீரோ சாவியைப் பீரோவிலேயே தொங்கவிட்டிருந்தேன். உள்ளே வந்தவன் கன்சோலைத் திறந்து அழி என்றான், சர்வர் அழித்தது. யார் சொன்னாலும் கேட்கும்படிதான் அதை நான் வைத்திருந்தேன்.

இரவு ஷிஃப்ட் ஒத்துவராமல் மூன்று கம்பெனிகளை விட்டு ஓடிவந்தவன் நான். இந்த வேலை அக்காவின் சிபாரிசு. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

கதவைத் தட்டிவிட்டு சிகிச்சைக்கு வரும் பஸ் டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். கழுத்தில் கட்டி. புதுச் சட்டை போட்டிருந்தார். "என்ன தங்கச்சி, மறந்துட்டியா? இன்னிக்கு முப்பதாவது. கடைசி. வீட்டம்மா கையில இனிப்போட நிக்கிறா."

முப்பது முறை கதிர். தண்டுவடம் தாங்குகிற எல்லையை ஒட்டிப் போட்ட கணக்கு. எந்த இடத்தில், எவ்வளவு என்பது இயந்திரத்திலேயே இருக்கிறது. எத்தனையாவது முறை என்பது மட்டும் சர்வரில் இருந்தது.

"அண்ணே, நடுவுல ஒரு நாள் மெஷின் நின்னுச்சே," அக்காவின் குரல் இறங்கியிருந்தது. "அதைச் சேத்தா முப்பது?"

"அதைச் சேக்கலைம்மா. நின்னுபோச்சுன்னுதானே சொன்னீங்க?"

"மறுபடி ஓட்டினோம்ல? அப்போ கதிர் பட்டுச்சா?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? மூஞ்சியில முகமூடியை மாட்டிப் படுக்க வச்சிட்டு எல்லாரும் வெளிய ஓடிடுறீங்க. நீங்க எழுதி வச்சிருப்பீங்கல்ல?"

எழுதி வைத்திருந்தோம்.

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். "அன்னிக்கு நீதானே டியூட்டி?"

"முழுசா கொடுத்து முடிச்சேன்னு நினைக்கிறேன் மேடம்."

"நினைக்கிறியா?"

"ஒரு நாளைக்கு நாப்பது பேரு மேடம்."

டாக்டரம்மா டிரைவரை உட்கார வைத்து எதையும் மறைக்காமல் சொன்னார். மெஷின் நின்ற அன்றைக்குக் கதிர் பட்டிருந்தால் முப்பது ஏற்கெனவே முடிந்துவிட்டது. படாமல் இருந்து இன்றைக்கும் விட்டால் கட்டியில் மிச்சம் இருந்துவிடலாம். கொடுத்து, அது முப்பத்தொன்றாகிவிட்டால் கை கால் விழவும் வாய்ப்பு உண்டு. டிரைவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, தரையில் இருந்த கோப்பைகளை. யார் செய்த தவறு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"என் கணக்கு தப்பாதும்மா," என்று எழுந்தார். "முடிச்சு விடுங்க."

டாக்டரம்மா தலையசைத்தார். அக்கா டிரைவரை உள்ளே அழைத்துப் போனாள். கண்காணிப்புத் திரையில் அவர் புதுச் சட்டையைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைப்பது தெரிந்தது. முகமூடி மாட்டி, நான்கு பக்கமும் இறுக்கிவிட்டு அக்கா தனியாக வெளியே வந்தாள். என்னைத் தாண்டிப் போய்க் கதிர்வீச்சைத் தொடங்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

ஈயக் கதவு மெதுவாக நகர்ந்து மூடிப் பூட்டிக்கொண்டது.